கோமாளியை வெட்டிய சபை

1927ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு மறுநாள், சனிக்கிழமை, பகல் மூன்று மணிக்குக் கண்டி கொழும்புத் தெருவில் ஓர் அரிசிக் கிட்டங்கிக்குள் தொடங்கிய ‘முத்திரை மோதிர விலாசம்’ என்ற நாடகம், 1931ஆம் ஆண்டு ஜூன் மாதம் பதின்மூன்றாம் திகதி மாலை ஐந்தே முக்காலுக்கு முடிந்தது. நான்கு வருடமும் ஐந்து மாதமும். இடையில் டிக்கட் விலை கூட்டப்படவில்லை. அதற்குள் தேயிலை விலை சரிந்தது, கிட்டங்கிக் கூரை இரண்டு முறை மாற்றப்பட்டது, ஊரில் உள்ள ஆண் பெண் எல்லாருக்கும் வாக்குரிமை வந்தது. நாடகம் மட்டும் நான்காம் காட்சியில் நின்ற இடத்திலேயே நின்றது. காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. நாடகத்தை நடத்திய தமிழ்ப் பெரியோர் சபை கதையிலிருந்து கோமாளியை எடுத்துவிட்டது.

சபையில் பதினொரு பேர் இருந்தார்கள். பதினொரு பேருக்கும் தாங்கள் பெரியோர் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை, பெயரிலேயே போட்டிருந்ததால் மற்றவர்களும் சந்தேகப்பட வழியில்லை. தலைவர் திருச்செல்வம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அரசாங்கக் கந்தோர் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் 1926இல் கொழும்புக்குப் போய் ஒரு சொற்பொழிவு கேட்டார். உலகத்துக் கதைகளிலெல்லாம் வருகிறவர்கள் ஆறே வகை மனிதர்கள்தான் என்று பேச்சாளர் ஒவ்வொருவராக விளக்கிக்கொண்டு போனார். ஐந்தாவது வகை முடிந்து ஆறாவதைத் தொடங்கியபோது திருச்செல்வம் கண்டி ரயிலைப் பிடிக்க எழுந்துவிட்டார். ஆகவே கண்டிக்கு ஐந்து வகை மட்டுமே வந்து சேர்ந்தது.

“ஒரு கதைக்கு ஐஞ்சு பேர் காணும்,” என்று அவர் சபையில் அறிவித்தார். “வீரன், குரு, அரசி, வாயிற்காவலன், துரோகி. மிச்சமெல்லாம் வெறுங்கூட்டம். உந்தக் கோமாளி என்னத்துக்கு? நாகரிகமில்லாத பாத்திரம்.” சபை கைதட்டியது. சொற்பொழிவு கேட்டவர் சொல்கிறார் என்றால் கைதட்டுவதுதான் அந்தச் சபையின் வழக்கம்.

உண்மைக் காரணம் வேறு. அந்த நாடகத்தில் கோமாளி வேஷம் கட்டி வந்தவன் கிட்டங்கியில் சிந்திய அரிசியைக் கூட்டி அள்ளும் செல்லச்சாமி. கதையும் அவனுடையதுதான், அவன் அப்பன் கப்பலேறி வந்தபோது கொண்டுவந்த ஒரே சாமான் அது. கோமாளி முதலில் வருவான், முன்வரிசைக் கதிரைகளில் இருக்கும் ஒவ்வொரு பெரிய மனிதரையும் பேர் சொல்லிக் கிண்டல் செய்வான், கடைசி மங்களம் பாடும்வரை யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. வழக்கம் அப்படி. 1926இல் அவன் திருச்செல்வத்தின் முன்னால் வந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு கேட்டான்: “ஐயா, வேலையில இருந்தப்பவும் இதே மாதிரித்தான உக்காந்திருந்தீங்க. ஓய்வு பெற்ற நாளை எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?” நானூறு பேர் சிரித்தார்கள். வழக்கப்படி திருச்செல்வமும் சிரித்தார். அவருடைய காது இரண்டும் மூன்று நாள் சிவந்திருந்தன. மறு மாதமே செல்லச்சாமிக்குக் கிட்டங்கியில் வேலை இல்லை என்று ஆயிற்று. அவன் மடுல்கெல்லைக்குப் போய் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூடை தூக்கினான்.

கதை இதுதான். ராஜாவின் முத்திரை மோதிரத்தைத் துரோகி மந்திரி திருடித் தன் பெட்டிக்குள் வைத்திருக்கிறான். ‘மோதிரம் எவன் விரலில் வெளிப்படுகிறதோ அவன் தலையை வெட்டுவேன்’ என்று வீரன் சத்தியம் செய்கிறான். பழைய கதையில் கோமாளி சவரக்காரனாக உள்ளே போய், மந்திரியைச் சிரிக்க வைத்து, அந்தச் சிரிப்புக்குள் மோதிரத்தை எடுத்து மந்திரியின் விரலிலேயே போட்டுவிடுவான். வீரன் தலையை வெட்டுவான், மங்களம். திருச்செல்வம் சிவப்பு மையை எடுத்துக் கோமாளி வரும் பதினெட்டுப் பக்கங்களையும் குறுக்கே வெட்டினார். அந்த இடத்தில், ‘மோதிரம் வெளிப்படுகிறது’ என்று ஒரு வரி எழுதினார். யார் வெளிப்படுத்துவது என்று எழுதவில்லை. கந்தோரில் முப்பது வருடம் அவர் எழுதிய கட்டளைகளும் அப்படித்தான் இருந்தன, யாரோ செய்து முடித்திருந்தார்கள்.

வேஷங்களைப் பங்கிட்டதும் சபையின் வழக்கப்படியே நடந்தது. நடிக்கத் தெரிந்தவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. ஊரில் யாருக்கு என்ன மதிப்போ அந்த மதிப்புக்கு ஏற்ற வேஷம். ஜவுளிக்கடை சங்கரமூர்த்தி வீரன், ஏனென்றால் கடை இரண்டு வாசல் உள்ளது. குரு திருச்செல்வம். சித்திரம் படிப்பிக்கும் வாத்தியார் ஒருவர் அரசி. நகரசபைக் குமாஸ்தா ஒருவர் வாயிற்காவலன். துரோகி வேஷத்தை யாரும் தொடவில்லை. அது கடைசியில் தபால் கந்தோரில் கடிதம் பிரிக்கும் மாசிலாமணியின் தலையில் விழுந்தது. அவர் முப்பத்திரண்டு வயதுவரை யாரிடமும் ‘முடியாது’ என்று சொன்னதில்லை. எறும்பு வரிசை குறுக்கிட்டால் நின்று வழிவிடுகிற மனிதர். அவர்தான் துரோகிக்குப் பொருத்தம் என்று பெரியோர் ஒருமனதாக முடிவு செய்தார்கள்.

தொடக்க நாளில் முதல் மூன்று காட்சிகள் ஒழுங்காகப் போயின. நான்காம் காட்சியில் பெட்டி நடுவில் இருந்தது, மோதிரம் பெட்டிக்குள் இருந்தது, அதை எடுக்க ஆள் இல்லை. ‘திருடுவது வீரனுக்கு அழகல்ல’ என்றார் சங்கரமூர்த்தி. குரு நாற்பது நிமிடம் உபதேசம் செய்தார். அரசி அழுதாள். வாயிற்காவலன் ‘உள்ளே வர அனுமதி இல்லை’ என்றார், உள்ளே வர யாரும் முயலாதபோதும். மந்திரி சிரித்தார். மறுபடி வீரன், ‘திருடுவது வீரனுக்கு அழகல்ல’ என்றார். ஆறு மணிவரை இது சுற்றிச் சுற்றி நடந்தது. மங்களம் பாடி முடித்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். ஆர்மோனியம் மற்ற எல்லாப் பாட்டுக்கும் ஒலித்தது, மங்களத்துக்கு மட்டும் காற்றுத்தான் வந்தது. ஆறு பேர் சேர்ந்து திரைக் கயிற்றை இழுத்தார்கள், கயிறு அறுந்தது, திரை இறங்கவில்லை. சனம் சாப்பாட்டு நேரம் என்று எழுந்து போனது. ஐந்து பேரும் முகத்தைக் கழுவப் போனார்கள். தேங்காயெண்ணெய் போட்டார்கள், சாம்பல் போட்டார்கள், மண்ணெண்ணெயும் போட்டார்கள். அரிதாரம் போகவில்லை. அப்படியே வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்கு ஐந்து பேரின் கால்களும் அவர்களைக் கேட்காமலே கிட்டங்கிக்கு நடந்தன. அதற்கடுத்த சனிக்கிழமையும். சபையோர் வந்து பெட்டிக்குள் கைவிட்டுப் பார்த்தார்கள். வேஷம் கட்டாதவர்கள் கைக்கு அது வெறும் பெட்டியாக இருந்தது, கையை எடுத்தால் மோதிரம் தெரிந்தது. இரண்டு மாதத்தில் ஊர் இதற்குப் பழகிவிட்டது. சனிக்கிழமை பின்னேரம் வேறு வேலை இல்லாதவர்கள் போய்க் கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டு வந்தார்கள்.

நால்வருக்கு இதில் பெரிய நட்டம் இல்லை என்பதை எழுதாமல் விடக்கூடாது. சங்கரமூர்த்தி கிரீடத்தோடு கடையில் இருந்தார். வீரன் பொய் சொல்லக் கூடாது என்பதால், ‘இந்தச் சேலை இரண்டாம் சலவைக்குச் சாயம் போகும்’ என்று அவரே சொல்லிவிட, கடை ஒரு வாசலாகச் சுருங்கியது. ஆனாலும் தெருவில் பிள்ளைகள் பின்னால் வந்தார்கள், அது அவருக்குப் பிடித்திருந்தது. சந்தையில் சாக்கடையைத் தாண்டப் போகிற பெண்களை அவர்கள் கேட்காமலே தூக்கித் தாண்டி வைத்து ஏச்சும் வாங்கினார். திருச்செல்வம் யாரைக் கண்டாலும் உபதேசம் செய்தார், முன்பும் செய்தார், இப்போது தாடி இருந்தது. வாயிற்காவலன் நகரசபை வாசலில் நின்று வருகிறவர்களை எல்லாம் தடுத்தார், அதை யாரும் புதிதாக நினைக்கவில்லை. சித்திர வாத்தியார் அழுதார், ஆனால் அரசியாக அழுவதில் ஒரு மரியாதை இருந்தது.

மாசிலாமணிக்குத்தான் வாழ்க்கை நாசமாய்ப் போயிற்று. சிவந்த முகம், காதுவரை கறுப்பு மீசை. வாயைத் திறந்தால் மந்திரியின் குரல்தான் வந்தது. சோற்றுக்கு உப்பு வேண்டுமென்றால், “அடி பெண்ணே! கொண்டு வா அந்த உப்பை! இன்றோடு தொலைந்தது உன் வம்சம்! ஹா ஹா ஹா!” என்றுதான் அவரால் கேட்க முடிந்தது. கேட்டுவிட்டு, கண்ணில் நீர் முட்ட, மனைவி ஞானேஸ்வரியைப் பார்ப்பார். அவள் உப்பை வைப்பாள். பால்காரன் வருவதை நிறுத்தினான். கடிதம் பிந்தினால் மாசிலாமணி ஒளித்தார் என்றார்கள், முந்தினால் பிரித்துப் படித்தார் என்றார்கள். அவருக்கு அந்த வேஷத்தைக் கொடுத்த அதே பெரியோர் அவரைக் கண்டதும் தெருவின் மறுபக்கம் போனார்கள். 1928 பங்குனியில் அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தது. இராஜகுமாரி என்று பெயர் வைத்தார்கள். பெயரைக் காதில் சொல்லக் குழந்தையைக் கையில் வாங்கிய மாசிலாமணி, “அகப்பட்டாயா இராஜகுமாரி! இனி உன்னை யார் காப்பாற்றுவார்!” என்று முழங்கினார். குழந்தை சிரித்தது. அதற்கு அப்பாவின் குரல் அதுதான். ஞானேஸ்வரி அடுப்படிக்குப் போய் அழுதாள். அவள் கலியாணம் கட்டிய மனிதரின் மெல்லிய குரலை மகள் ஒரு நாளாவது கேட்க வேண்டும் என்று அன்றைக்கு அவள் மனதில் விழுந்தது, பிறகு அது அகலவில்லை.

சபை சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. 1929இல் கூட்டம் போட்டு, ‘கதைக்கு ஒரு தந்திரக்காரன் தேவைப்படலாம்’ என்று ஒப்புக்கொண்டது. ஆனால் அவன் கண்ணியமானவனாக இருக்க வேண்டும் என்று தீர்மானம் எழுதியது. கண்ணியமாகப் பொய் சொல்லத் தெரிந்தவர் என்று, நீதிமன்றத்தில் வழக்குப் பேசும் ஒரு பிரக்கிராசியைக் கூட்டிவந்தார்கள். அவர் வேஷம் கட்டி மேடையேறி, பெட்டியருகே போய், கையை நீட்டுமுன் நின்று யோசித்தார். மோதிரத்தைத் தொட்டால் சத்தியத்தின்படி தன் தலைக்கு ஆபத்து வருமா என்று குருவிடம் விளக்கம் கேட்டார். குரு விளக்கினார். பிரக்கிராசி கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார். அவர் மீது குற்றமில்லை. துரோகி தன் லாபத்துக்குப் பொய் சொல்கிறான், பிரக்கிராசி கட்சிக்காரருக்காகச் சொல்கிறார், ஜவுளிக்கடைக்காரர் சரக்குப் போகச் சொல்கிறார். இவர்கள் யாரும் பொய் சொல்லும்போது தங்கள் தலையை அதில் வைப்பதில்லை. கோமாளி முதலில் அதைத்தான் வைப்பான். கூலிக்கு அரிசி கூட்டிய ஒருவனுக்குத் தெரிந்திருந்த இந்தச் சங்கதி பதினொரு பெரியோருக்குத் தெரியவில்லை.

இதற்கிடையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது, அதைக் கவனித்தவர் அக்குறணை மர்சூக் மட்டும்தான். கலியாண வீடுகளுக்குக் கதிரையும் விளக்கும் வாடகைக்குக் கொடுக்கிறவர். முன்வரிசைக்கு அவர் கொடுத்த நாற்பது கதிரைகளும் நாடகம் முடியாமல் எடுக்க முடியாது என்று அங்கேயே கிடந்தன. அவற்றைப் பார்க்க வாராவாரம் வந்த மர்சூக், பொழுது போகாமல் ஒரு நாள் அளவு நாடாவை எடுத்து வீரனின் வாள்முனைக்கும் மந்திரியின் கழுத்துக்கும் இடையிலான தூரத்தை அளந்தார். மறு வாரம் அளந்தபோது ஓர் அங்குலம் குறைந்திருந்தது. அதன் பிறகு அவர் அளப்பதை விடவில்லை. பிஸ்கட் தகரத்தில் செய்த வாள் இப்போது இரும்பாகிவிட்டதையும், அதை ஒரு பலாக்கட்டையில் வைத்துப் பார்த்தால் கட்டை பிளந்ததையும் அவர்தான் கண்டார். தொடக்கத்தில் இருபது அடி. 1931 தையில் ஒரு சனிக்கிழமை அளந்துவிட்டு நேராக ஞானேஸ்வரியின் வீட்டு வாசலுக்கு வந்தார்.

“தங்கச்சி, நான் பெரிசாப் படிச்ச மனிசன் இல்ல. ஆனா நாடா பொய் சொல்லாது. வாளுக்கும் உங்கட மாப்பிளட கழுத்துக்கும் இன்னம் முப்பத்திரண்டு அங்குலம் தான் ஈக்கி. வாரத்துக்கு ஒன்டு. ஆவணிக்குப் பொறகு அல்லாஹ் தான் காப்பாத்தணும்.”

“சபைக்குச் சொன்னீங்களா, மர்சூக் நானா?”

“சொன்னேன். தலைவர், ‘கதையெண்டால் துரோகி சாகத்தானே வேணும்’ எண்டு சொல்றார்.”

ஞானேஸ்வரி, செல்லச்சாமி எங்கே என்று கேட்டாள். மர்சூக்குக்குத் தெரிந்திருந்தது. தோட்டத்துக் கலியாணத்துக்கு விளக்குக் கொண்டுபோன இடத்தில் கண்டிருந்தார்.

அவள் வத்தேகாமம்வரை ரயிலில் போய், அங்கிருந்து மாட்டு வண்டியிலும் நடந்தும் மடுல்கெல்லைக்கு ஏறினாள். கொழுந்து நிறுக்கும் கொட்டிலில் ஒரு மெலிந்த ஆள் அவளைக் கும்பிட்டு, செல்லச்சாமி அதோ மேல்மலையில் முள் வெட்டுகிறான் என்று காட்டினான். அவள் மேல்மலைக்கு ஏறி, முள் வெட்டிக்கொண்டிருந்தவனிடம் ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் பெயர் வேறு என்றான். கீழே வந்தால் மெலிந்த ஆளும் இல்லை, அவள் வைத்துவிட்டுப் போன குடையும் இல்லை. இரண்டாம் முறை போனபோது, அந்த மெலிந்த ஆள்தான் செல்லச்சாமி என்று தெரிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை நிச்சயம் வருவதாக அவன் தன் தாய்மேல் ஆணையிட்டான். அவன் தாய் யாரென்று அவனுக்கே தெரியாது என்பதைப் பிறகு தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை வரவில்லை. ஏழு வாரம் இப்படிப் போயிற்று. அவனை நல்லவன் என்று காட்ட இந்த வரலாறு எழுதப்படவில்லை.

மூன்றாம் முறை அவள் அழவில்லை. இராஜகுமாரியை இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டில் வாசலில் நின்றாள்.

“உங்கள வரச் சொல்ல வரல. குடை கேக்கத்தான் வந்தேன்,” என்றாள். “உங்க வேஷத்த ஒரு பிரக்கிராசி கட்டுனாரு. ஊரே சொல்லுது, செல்லச்சாமியவிட நல்லா இருந்துச்சாம். கையெடுத்துக் கும்பிட்டுட்டு எறங்கினாராம், என்னா மரியாதைன்னு சொல்றாங்க.”

செல்லச்சாமி கூடையைக் கீழே வைத்தான். “கும்பிட்டானா? கோமாளியா? மேடையிலயா?”

“ஆமா. ரெண்டு கையாலயும்.”

அவன் வெகு நேரம் வாயில் வந்த கெட்ட வார்த்தைகளை எல்லாம் சொன்னான். பிறகு குழந்தையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “கதை முடிஞ்சா மந்திரி தலை போகுமேம்மா. அது தெரிஞ்சுதான் வந்தீங்களா?”

“கதை முடியணும். எங்க வீட்டுக்காரர் தலை போகக் கூடாது. அதுக்கு வழி தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான்.”

“அப்ப வேற யாரு தலை போறதாம்?”

அவள் குனிந்து குழந்தையின் பாவாடையைச் சரிசெய்தாள். செல்லச்சாமி கழுத்தைச் சொறிந்துகொண்டான். “என் தலை எனக்கு எப்பவும் சரியா உக்காந்ததில்ல,” என்றான். அதன் பிறகு தன் நிபந்தனையைச் சொன்னான். அன்றைக்கு முன்வரிசைக் கதிரை நாற்பதிலும் தோட்டத்து ஆட்கள் இருப்பார்கள். சபைப் பெரியோர் தரையில் சாக்கு விரித்து இருக்க வேண்டும்.

இந்த நிபந்தனையைக் கேட்டபோது சபை, மாசிலாமணியின் தலை போவதே மேல் என்ற கருத்துக்கு மிக அருகில் வந்தது. இரண்டு கூட்டங்களில் பேசினார்கள். ஞானேஸ்வரி குழந்தையோடு ஒவ்வொரு பெரியவர் வீட்டு வாசலிலும் போய் நின்றாள், கெஞ்சினாள், அவர்கள் உள்ளே இருந்துகொண்டு இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். கடைசியில் கதிரைக்குச் சொந்தக்காரரான மர்சூக் வந்து, கதிரை தன்னுடையது, அதில் யார் இருப்பது என்பதும் தன் இஷ்டம் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பதில் சொல்லச் சபையின் விதிகளில் இடம் இருக்கவில்லை.

ஜூன் பதின்மூன்று. நாடாவில் இன்னும் பத்து அங்குலம். மடுல்கெல்லையிலிருந்து நாற்பது பேர் நடந்து வந்து, காலில் சேற்றோடு, கதிரைகளில் விறைப்பாக உட்கார்ந்தார்கள். அதில் பலர் அதுவரை கதிரையில் இருந்ததில்லை, விழுந்துவிடுவோமோ என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் எழுந்து கொடுத்த கதிரையில் ஞானேஸ்வரியும் மகளும் இருந்தார்கள். பதினொருவரில் மேடையில் இல்லாதவர்கள் சாக்கில் இருந்தார்கள். அடிக்கடி அடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

வாயிற்காவலன் வழக்கம்போல் உள்ளே வருகிறவர்களைத் தடுக்க நின்றார். செல்லச்சாமி முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாக நடந்து வந்தான். காவலன் பார்த்தார், ஒருவன் வெளியே போகிறான் என்று நினைத்து வழிவிட்டார். நான்கரை வருடத்தில் அந்த வாசலைக் கடந்த முதல் ஆள் அவன். வழக்கப்படி ஒவ்வொரு பெரியவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டான், ஆனால் கதிரைகளைப் பார்த்து. சாக்கில் இருந்தவர்களை, “எல்லாரும் தள்ளி உக்காருங்க, பெரியவங்க கால் நீட்டட்டும்,” என்றான். நாற்பது பேரும் சிரித்தபோது கதிரைகள் ஆடின.

பிறகு மந்திரிக்குச் சவரம் செய்ய உட்கார்ந்தான். காதருகில் குனிந்து என்னவோ சொன்னான். என்ன சொன்னான் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. மாசிலாமணி சிரித்தார். முழங்குகிற அந்தச் சிரிப்பு அல்ல, மூக்கு வழியாக வருகிற, அடக்கப் பார்த்து முடியாமல் போகிற சின்னச் சிரிப்பு. ஞானேஸ்வரிக்கு அந்தச் சிரிப்புத் தெரியும், அவள் கதிரையிலிருந்து எழுந்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அடங்குமுன் மோதிரம் பெட்டியில் இல்லை. எல்லாரும் மந்திரியின் விரலைப் பார்த்தார்கள். விரல் வெறுமையாக இருந்தது. செல்லச்சாமி தன் கையை உயர்த்தி, நிச்சயதார்த்தம் முடிந்த பெண்பிள்ளை மாதிரி, மோதிரத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினான்.

“அது துரோகிக்குரியது!” என்று குரு கத்தினார். “கதையில் அப்படி இல்லை!”

“நீங்க வெட்டுன பக்கத்துல இருந்துச்சுங்க ஐயா. படிச்சுப் பாத்துட்டு வெட்டியிருக்கலாம்.”

அது பொய். எந்தப் பக்கத்திலும் அப்படி இல்லை. ஆனால் தான் வெட்டிய பக்கங்களைத் திருச்செல்வம் படித்திருக்கவில்லை, ஆகவே அவரால் மறுக்க முடியவில்லை. சங்கரமூர்த்தி வீரன். மோதிரம் யார் விரலில் வெளிப்பட்டதோ அவன் தலையை வெட்டுவதாகச் சத்தியம் செய்தவர். வீரர்கள் யோசிப்பதில்லை. வாள் மந்திரியின் கழுத்தை விட்டு விலகி ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. செல்லச்சாமியின் தலை மேடையிலிருந்து உருண்டு வந்து சாக்கில் முன்னால் இருந்த பொருளாளரின் மடியில் நின்றது.

“மங்களத்தப் பாடுங்கப்பா,” என்றது தலை. “கழுத்துல காத்தடிக்குது.”

ஆர்மோனியம் தானாகவே பிடித்துக்கொண்டது. நாற்பது பேரும் பாடினார்கள். உடம்பு தட்டுத் தடுமாறி இறங்கி வந்து, பொருளாளரின் மடியைத் தடவிப் பார்த்து, தலையை எடுத்து, மங்களம் முடிவதற்குள் அவசரமாக மாட்டிக்கொண்டது. அவசரத்தில் முகம் முதுகுப் பக்கமாக அமைந்துவிட்டது. அப்போது திரை இறங்கியது. மணி ஐந்தே முக்கால். ஐந்து பேரின் அரிதாரமும் வியர்வையோடு வழிந்து கழுத்துப் பட்டியை நனைத்தது.

மாசிலாமணி படியிறங்கி வந்து கதிரையின் முன்னால் முழங்காலில் இருந்தார். மீசை இல்லாத, வெளிறிய, யாருக்கும் ஞாபகமில்லாத முகம். “இராஜம், சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டார், மெல்லிய குரலில். ஞானேஸ்வரி அந்தக் குரலுக்காக நான்கரை வருடம் காத்திருந்தாள். குழந்தை அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வீரிட்டு அழுதது. “இது யாரு? எனக்கு அப்பா வேணும்! அப்பாவக் கூப்பிடு!” என்று தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டது. மாசிலாமணி தொண்டையைச் செருமிக்கொண்டு, தன்னால் முடிந்தவரை உரத்து, “அகப்பட்டாயா இராஜகுமாரி! ஹா ஹா ஹா!” என்றார். குரல் நடுவில் உடைந்தது. குழந்தை அழுகையை நிறுத்தி, கண்ணைத் துடைத்து, அவரை நன்றாகப் பார்த்து, கையை நீட்டியது. அந்த வீட்டில் அதற்குப் பிறகு தினமும் அந்திக்கு ஒரு தடவை மந்திரி வந்து போனார். மற்ற நேரத்தில் மெல்லிய குரலுக்கும் குழந்தை மெதுமெதுவாகப் பழகியது.

சபை மறு வாரமே ஒரு துண்டுப் பிரசுரம் அச்சிட்டது. தலைவரின் வழிகாட்டலில் நாடகம் இனிதே நிறைவெய்தியது என்றும், தலை வெட்டும் காட்சி தத்ரூபமாக அமைந்திருந்தது என்றும் அதில் இருந்தது. செல்லச்சாமியின் பெயர் இல்லை. திருச்செல்வம் பிறகும் பல இடங்களில் கதையின் ஐந்து வகை மனிதர்களைப் பற்றிப் பேசினார். மர்சூக் தன் கதிரைகளை ஏற்றிப் போனார். முப்பத்தொன்பதுதான் இருந்தன. “ஒன்டு இனி செல்லச்சாமிட சாமான்,” என்று சொல்லி அவர் சிரித்தார், தேடவில்லை.

மடுல்கெல்லையில் செல்லச்சாமியின் தலை திரும்பியிருந்ததை இரண்டு நாள் பேசினார்கள். மூன்றாம் நாள் கங்காணி அவனைக் கூடைகளின் வரிசைக்கு முன்னால் நடக்க விட்டார், பின்னால் வருகிறவர்களை ஓர் ஆள் பார்த்துக்கொண்டு போவது வசதியாக இருந்தது. ஒவ்வொரு வருடமும் பொங்கலுக்கு மறுநாள் அவன் குடையைத் திருப்பிக் கொடுக்கக் கண்டிக்கு வந்தான், ஒரு வருடமும் குடையைக் கொண்டுவரவில்லை. சந்தில் அவன் வரும்போது போவதுபோல இருக்கும், போகும்போது வருவதுபோல இருக்கும். ஞானேஸ்வரி இலையை அவன் முதுகுப் பக்கம் போடுவாள். கை அந்தப் பக்கம் எட்டாது. ஆகவே மாசிலாமணி எதிரில் இருந்து, சோற்றைப் பிசைந்து, உருண்டை பிடித்து, அவன் வாயில் ஊட்டுவார்.

தலை முன்பக்கமோ பின்பக்கமோ, கண்டியில் அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தபால் கந்தோர் உத்தியோகத்தர் ஒருவர் தோட்டத்து ஆளுக்குத் தன் கையால் சோறு ஊட்டுகிறார் என்பதைத்தான் பெரியோரால் நம்ப முடியவில்லை. 1938இல்கூட இருவர் வந்து யன்னலோரம் நின்று பார்த்தார்கள். உள்ளே இராஜகுமாரி விருந்தாளியின் முதுகுப் பக்கம் வந்து, “இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவா மாமா?” என்று அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.